மேல் ரூமுக்கு ஒரு ஜன்னல்

இல்ல தம்பி, பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர் வேணாம். முன்னாடி மூணோட நிறுத்திக்கலாம். டிவிக்குக் கீழ நடுவுல ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. தெரியும், தெரியும், பின்னாடியும் இருந்தாதான் தியேட்டர்ல உக்காந்த மாதிரி இருக்கும்னு கடையிலயும் சொன்னாங்க, நீங்களும் சொல்றீங்க. கீழ ஹாலுக்கு மாப்பிள்ளை கேட்டபடி எல்லாத்தையும் மாட்டிக்கங்க. அதுல நான் வாயே தொறக்கல பாத்தீங்களா? இந்த மேல் ரூமுக்கு மட்டும் நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க.

சிக்கனமா? அட, நீங்க வேற. காசு அவரு குடுக்கறாரு, எனக்கென்ன நோகுது?

அந்த ஏணி மேல உக்காராதீங்க, பெயிண்ட் இன்னும் காயல. சிமெண்ட் மூட்டை மேல பேப்பர் போட்டிருக்கேன், வாங்க. புது வீடுன்னா இப்படித்தான், உக்கார எடத்தைத் தவிர எல்லாம் இருக்கும். டேப்போட அந்த நுனிய என்கிட்ட குடுங்க, நான் பிடிச்சுக்கறேன். சுவத்தோட ஒட்டியா, கொஞ்சம் தள்ளியா? சரி, ஒட்டியே.

மாப்பிள்ளை உங்ககிட்ட போன்ல சொல்லியிருப்பாரே. வேலை விஷயமா வெளியூர் போயிருக்காரு. மாமா, ஸ்பீக்கர்காரர் வந்து அளவெடுப்பாரு, எந்த ரூமுக்கு என்ன ஸ்பீக்கர், என்ன ரிசீவர்னு அவரோட உக்காந்து முடிவு பண்ணிடுங்க, மறுநாள் கொத்தனார் வந்து மேல் ரூம் ஜன்னல அடைப்பாரு, அதையும் கூட இருந்து பாத்துக்கங்கன்னு சாவியக் குடுத்துட்டுப் போனாரு. மாமனாருன்னா இதுக்குத்தானே. சும்மா இருக்கற கழுத, ரெண்டு மூட்டை சுமக்கட்டுமே.

ஆமா, இந்த ஜன்னல்தான். நாளைக்குக் காலைல செங்கல் வச்சு அடைச்சுடுவாங்க. செங்கல் கூட வந்து எறங்கிடுச்சு, வர்றப்ப பாத்திருப்பீங்க, மாடிப்படிக்குக் கீழ. அதைத்தான் நான் வேணாங்கறேன். ஆனா நான் சொன்னா எடுபடாது தம்பி. மாப்பிள்ளை படிச்சவரு. விஷயம் தெரிஞ்சவங்க சொன்னா ஒரே வார்த்தைல கேட்டுக்குவாரு. நீங்க ஜன்னல் இருந்துட்டுப் போகட்டும் சார்னு சொன்னீங்கன்னா முடிஞ்சுது. கொத்தனாருக்கு நானே போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடுவேன்.

இருங்க, உடனே தலைய ஆட்டாதீங்க. ரூம் கெட்டுடும்னு சொல்லப் போறீங்க. வெளிச்சம் வரும், சத்தம் வெளிய போயிடும். போகட்டுமே. சத்தம் வெளிய போனா என்ன?

முதல்ல ரிசீவரப் பாப்போம், வாங்க. அது எனக்குக் கொஞ்சம் புரியும். நான் மோட்டார் காயில் கட்டறவன். தண்ணி மோட்டார், மிக்சி, ஃபேன், எரிஞ்சு போனதெல்லாம் நம்மகிட்டதான் வரும். உங்க ஸ்பீக்கரையும் ஒரு தடவ பிரிச்சுப் பாத்திருக்கேன். காந்தம், கம்பிச் சுருள். அட, நம்ம சொந்தக்காரப் பய, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கான்னு நெனச்சுக்கிட்டேன். சிரிக்கறீங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லணும். இந்த ரிசீவர்ங்கறது என்ன, கூட்டுக் குடும்பத்துல மூத்த அண்ணன் மாதிரிதானே? எல்லாம் அவர் கைக்கு வந்து, அவரு பிரிச்சுக் குடுத்தாதான் மத்தவங்களுக்கு. சரியா சொன்னேனா?

அப்ப அந்த அண்ணனுக்கு ஒரு கட்டுப்பாடு போட முடியுமா? அதாவது, சத்தத்தை எவ்வளவு ஏத்தினாலும் ஒரு அளவுக்கு மேல போகாம நின்னுடற மாதிரி. இருக்கா! எங்க, அந்த மெனுக்குள்ளயா? ரிமோட்ல திருப்பித் திருப்பி அமுக்கினாலும் ஏறாதா? அப்படின்னா நல்லது. அந்த வசதி இருக்கற ரிசீவரையே போடுங்க. ரொம்பத் தணிவா வச்சுப் பூட்டிடுங்க. ரெண்டு பேர் அந்தக் கோடில இருந்து இந்தக் கோடிக்குப் பேசினா கேக்குமில்ல, அதுக்கு மேல டிவி போகக் கூடாது. எப்படிப் பூட்டினீங்கன்னு யாருக்கும் சொல்லித் தர வேணாம். என் பொண்ணு கேட்டாலும்.

அவ கேப்பா. அவதான் கேப்பா.

பாப்பான்னுதான் கூப்பிடுவேன், கல்யாணமாகியும் பேரு மாறல. அவ அம்மா சின்ன வயசுலயே போயிட்டா, நான்தான் வளத்தேன். கடைக்குப் பின்னாடியே வீடு. ஒரு மோட்டாரக் கட்டி முடிச்சா ஓட விட்டுப் பாக்கணும்ல, நாள் பூரா ஏதாவது ஒண்ணு கொர்ருன்னு ஓடிக்கிட்டே இருக்கும். அதுக்கு மேல கத்தினாதான் ஒருத்தருக்கொருத்தர் கேக்கும். அப்பா தண்ணி வேணுமாங்கறதையே தெருவுக்கே கேக்கற மாதிரி கேப்பா. பள்ளிக்கூடத்துல டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. என்னங்க, உங்க பொண்ணு ரகசியம் பேசினா பக்கத்துக் கிளாஸ் வரைக்கும் பாடம் நின்னு போகுதுன்னாங்க. எனக்கு ஒரே சிரிப்பு. வாயுள்ள பிள்ளை பொழச்சுக்கும்னு சொல்லிட்டு வந்தேன்.

இப்ப அவ பேசினா நான் பக்கத்துல போய்க் குனிஞ்சு கேக்கணும். கல்யாணத்துக்கு அப்புறம் அப்படி ஆயிட்டா. நான் முதல்ல சந்தோஷப்பட்டேன் தம்பி. பரவால்லையே, நல்ல எடத்துல வாக்கப்பட்டு நாகரிகமா பேசக் கத்துக்கிட்டாளேன்னு. கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போனேன்.

டீ ஆறுது, குடிங்க. சக்கரை கம்மியா இருந்தா சொல்லுங்க.

இந்தப் பின்னாடி ஸ்பீக்கர் விஷயத்துக்கு வர்றேன். உங்க கம்பெனி ஷோரூம்ல போட்டுக் காட்டினாங்களே, அன்னைக்கு நீங்க இல்ல, உங்க ஆளு வேற ஒருத்தர் இருந்தாரு. மாப்பிள்ளை, பாப்பா, நான், மூணு பேரும் போயிருந்தோம். இருட்டு ரூம், நல்ல மெத்து மெத்துன்னு சோபா. முதல்ல மழை பெய்யற மாதிரி போட்டாரு. நெஜமாவே நனைஞ்சுட்டோமோன்னு சட்டையத் தொட்டுப் பாத்தேன். அப்புறம் ஒரு ரயில் அந்தக் காதுல பூந்து இந்தக் காதுல போச்சு. மாப்பிள்ளை கண்ண மூடிக்கிட்டு ரசிக்கறாரு. எனக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

கடைசியா ஏதோ ஒரு படம். ஒரு வீடு, யாரும் பேசல, கடிகாரம் மட்டும் ஓடுது. ரொம்ப நேரம் அமைதி. திடீர்னு நமக்கு நேர் பின்னாடி, கழுத்துக்கிட்ட, ஒருத்தன் ஏய்னு கத்தினான் பாருங்க. எனக்கே தூக்கி வாரிப் போட்டுச்சு. டீ இருந்திருந்தா மடியில கொட்டியிருப்பேன். போட்டுக் காட்டினவரு சிரிச்சாரு. எல்லாரும் இந்த எடத்துல திரும்பிப் பாப்பாங்க சார்ன்னாரு. நானும் திரும்பித்தான் பாத்தேன்.

பாப்பா திரும்பிப் பாக்கல.

கைய இப்படித் தூக்கினா. முழங்கைய மடக்கி, இந்தா, இப்படி, மூஞ்சிக்குக் குறுக்க. தலையக் குனிஞ்சுக்கிட்டு. யோசிச்சுப் பண்ணினது இல்ல தம்பி. கொசு கண்ணுல விழ வந்தா எமை தானா மூடிக்குமே, அந்த வேகம். அப்புறம் முடிய ஒதுக்கற மாதிரி கைய எறக்கிக்கிட்டா. மாப்பிள்ளை சிரிச்சுக்கிட்டே, பாருங்க மாமா, எவ்வளவு நெஜமா இருக்குன்னாரு. இதையே எடுத்துக்கலாம்னு ஆர்டரும் குடுத்துட்டாரு.

அதனாலதான் பின்னாடி வேணாங்கறேன். படம் பாக்க உக்காந்தா சத்தம் முன்னாடி இருந்து மட்டும் வரட்டும். மனுஷிக்கு எங்க இருந்து வருதுன்னாவது தெரியணும்ல.

இல்ல இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எழுதிக்கங்க. முன்னாடி மூணு.

அந்தப் பெரிய பெட்டி, கீழ தரையில வைக்கறது, தும் தும்னு அடிக்குமே, அதுக்கு என்ன பேரு சொன்னீங்க? சப் ஊஃபரு. அதைப் பத்தி ஒரு சந்தேகம். கீழ் வீட்டுக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்கள்லாம் சண்டைக்கு வர்றது பெரும்பாலும் அதாலதான்னு உங்க ஆளு சொன்னாரு. மத்த சத்தம் சுவத்தோட நின்னுடும், தும் தும் மட்டும் சுவத்தைத் தாண்டிப் போகும்னு. அப்படியா? ஏன் அப்படி? கனமான சத்தம் உள்ள நொழஞ்சு போகும், மெல்லிசானது மோதித் திரும்பிடும். சரி. அப்ப, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், ஜன்னல் இல்லாம, கதவு ஓரமெல்லாம் ரப்பர் வச்சு, சுவத்துக்குப் பஞ்சும் அடிச்சாச்சுன்னா, உள்ள ஒருத்தர் பேசறது வெளிய கேக்குமா? கேக்காது. கத்தினா? ஒரு பொம்பள கத்தினா?

ம்.

மெல்லிசான சத்தம்தானே அது. மோதித் திரும்பிடும்.

சுவத்துக்கும் காது உண்டும்பாங்க. நீங்க அந்தக் காதுலயும் பஞ்சு அடைச்சுடறீங்க. கோவிச்சுக்காதீங்க, உங்க தொழிலக் குத்தம் சொல்லல. தூங்கற குழந்தை எந்திரிக்கக் கூடாதுன்னு, வயசானவங்களுக்குத் தொந்தரவு கூடாதுன்னு நல்லதுக்குத்தான் எல்லாரும் போடறாங்க. கத்தி செஞ்சவன் காய் நறுக்கத்தான் செஞ்சான்.

இப்ப அவங்க ரெண்டு பேரும் இருக்கற வீடு அடுக்குமாடிதான். வாடகை வீடு. சுவரு சொல்லிக்கற மாதிரி இல்ல, மேல் வீட்ல தும்மினா கீழ் வீட்ல ஆசீர்வாதம் பண்ணலாம். கீழ ஒரு அம்மா தனியா இருக்காங்க, ரிட்டையர் ஆன நர்ஸு. நான் போறப்பல்லாம் படியில நிறுத்தி ரெண்டு வார்த்தை பேசுவாங்க. ஒரு நாள் சொன்னாங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க பொண்ணு வீட்ல டிவி சத்தம் தாங்க முடியல, திடீர் திடீர்னு காதக் கிழிக்குது, கொஞ்சம் சொல்லி வைங்கன்னு. எனக்கு மானம் போயிடுச்சு. மன்னிச்சுக்கங்கம்மான்னு கும்பிடாத குறையா சொல்லிட்டு, நேரா கடைக்குப் போய் ஒரு ஹெட்போன் வாங்கிட்டு வந்தேன். வயர் இல்லாதது, நல்ல கம்பெனி. மாப்பிள்ளைக்குத்தான் டிவி பைத்தியம், சத்தமா வைக்கறாரு போலன்னு நெனச்சேன். சொன்னா வருத்தப்படுவாரு, பரிசு மாதிரி குடுத்துடலாம்னு ஒரு சாமர்த்தியம். அவரும் வாங்கிக்கிட்டாரு. தேங்க்ஸ் மாமான்னாரு. பாப்பா அந்த டப்பாவையே பாத்துக்கிட்டு நின்னா. என்னடி, பிடிக்கலையான்னு கேட்டேன். ரொம்ப நல்லா இருக்குப்பான்னா.

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பும்பாங்க. நான் வெட்டக்கூட இல்ல, பூதத்துக்குக் காது மாட்டி விட்டுட்டு வந்திருக்கேன். எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறமும் சத்தம் கொறையல. கீழ் வீட்டம்மா மட்டும் இல்ல, பக்கத்து வீடு, மேல் வீடு, எல்லாரும் சேந்து அந்தக் குடியிருப்புச் சங்கத்துல புகார் சொல்லிட்டாங்க. டிவி சத்தம் தாங்கலன்னு. பாத்தீங்களா, எல்லாருக்கும் டிவிதான் கேட்டிருக்கு. ரெண்டு பேரு வந்து மரியாதையா சொல்லிட்டுப் போனாங்க. மாப்பிள்ளைக்கு ரோஷம். அடுத்தவன் தலைக்கு மேலயும் காலுக்குக் கீழயும் இருந்தாதானே வம்பு, தனி வீடே கட்டறேன்னு கிளம்பிட்டாரு. இந்தா, கட்டிட்டாரு. ஊர் வாய மூட உலைமூடி இல்லம்பாங்க. இவரு வீட்டுக்கே மூடி போட்டுட்டாரு. இந்தப் பக்கம் காலி மனை, அந்தப் பக்கம் காலி மனை. இனிமே யாரு புகார் சொல்லப் போறா?

இல்ல தம்பி, நீங்க கேக்கறது நியாயம்தான். மாப்பிள்ளை எப்படின்னா, நீங்க பாத்தா ஒரு குத்தம் சொல்ல மாட்டீங்க. குடி இல்ல. பெரியவங்களப் பாத்தா எந்திரிச்சு நிப்பாரு. எனக்குப் பல்லு வலின்னு போன்ல ஒரு வார்த்தை சொன்னேன், மறுநாளே கார எடுத்துக்கிட்டு வந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு, வாசல்ல காத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அந்த மனுஷன எப்படி நான் போய்... கண்ணால பாக்காம ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?

பாக்கலதான். கேட்டேன். அதுவும் டிவியத்தான் கேட்டேன்.

ஷோரூமுக்குப் போயிட்டு வந்தோம்ல, அதுக்குப் பின்னாடி எனக்குச் சோறு எறங்கல. அந்தக் கை தூக்கினதே கண்ணுல நிக்குது. ஒரு நாள் சாயங்காலம் சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிப் போனேன். படி ஏறும்போதே சத்தம். என்ன ஓடுதுன்னு நெனைக்கறீங்க? பாட்டு இல்ல, சண்டைப் படம் இல்ல. விளம்பரம். துணி சோப்பு விளம்பரம். ஒரு பொம்பள வெள்ளை வெளேர்னு சட்டையத் தூக்கிக் காட்டி ஏதோ சொல்றா, அது அந்தத் தளம் பூரா எதிரொலிக்குது. எவனாவது சோப்பு விளம்பரத்தை அவ்வளவு சத்தமா வச்சுக் கேப்பானா?

கதவுக்கு வெளிய நின்னேன். உள்ள வேற ஏதாவது கேக்குதான்னு காதக் குடுத்துப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல. சோப்பு முடிஞ்சு அடுத்த விளம்பரம் வந்துச்சு. அதுக்கு மேல என்னால நிக்க முடியல. பெல்ல அமுக்கினேன், விடாம அமுக்கினேன். டிவி டப்புனு நின்னுச்சு. அவ்வளவு சத்தம் போட்டுட்டு நின்னா ஒரு அமைதி வரும் பாருங்க, அது காதுக்குள்ள ஊசி மாதிரி எறங்கும். பாப்பாதான் கதவைத் தொறந்தா. முகம் கழுவிக்கிட்டு இருந்தேன்பான்னா. முகம் ஈரந்தான், ஆனா துண்டு இல்ல, தலைமுடி நனையல. மாப்பிள்ளை சோபாவுல உக்காந்திருக்காரு, என்ன மாமா, சொல்லாம வந்துட்டீங்கன்னு எந்திரிச்சு வர்றாரு. சட்டை கசங்கல. மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்குச்சு.

ரிமோட்டு யாரு கையில இருந்துச்சுன்னு கேளுங்க. பாப்பா கையில.

ஆமா. ஏத்தறது அவரு இல்ல. அவ. அவரு ஆரம்பிச்சாருன்னா இவ ஓடிப் போய் ரிமோட்ட எடுத்து ஏத்தி விட்டுடுவா. வெளிய யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு. அவளோட சத்தமும் கேக்கக் கூடாது, அவரோடதும் கேக்கக் கூடாது. அந்த ரகசியம் பேசத் தெரியாத பொண்ணு.

கேட்டேனே, கேக்காம இருப்பேனா? மறுநாள் அவரு ஆபீசுக்குப் போனதும் போய் உக்காந்தேன். வா, வீட்டுக்குப் போலாம்னு சொன்னேன். எதுக்குப்பான்னு கேட்டா. எதுக்குன்னு நான் எப்படிச் சொல்றது? வாயத் தொறந்து அந்த வார்த்தைய நான் சொல்லிட்டா அவ தாங்குவாளா, நான் தாங்குவேனா? உனக்குத் தெரியாதான்னேன். நீ ஒண்ணும் பாக்கல, நான் ஒண்ணும் சொல்லலன்னா. அவ்வளவு மெதுவா சொன்னா. அப்புறம் அவளே சொன்னா, புது வீட்ல மேல் ரூமு ஒண்ணு கட்டறோம்ல, அதுக்கு ஜன்னல் வேணாம்னு நான்தான் சொல்லியிருக்கேன். உள்ள என்ன பண்ணினாலும் வெளிய கேக்காதாம். அவருக்குக் கோவம் வந்தா அங்க போயிடலாம். சத்தம் வெளிய போகாம இருந்தா போதும்பா, எனக்கு அதுவே நிம்மதின்னா.

மாப்பிள்ளை கேட்ட ரூமுன்னுதானே நீங்க நெனச்சீங்க? நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

போலீசா? போகலாம். போனா அவங்க யாரக் கேப்பாங்க? அவளத்தான். டிவி கொஞ்சம் சத்தமா வச்சுட்டேங்க, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லி அனுப்பிடுவா. எனக்கு அவளத் தெரியும். அதுக்கப்புறம் என்னையும் வீட்டுக்குள்ள விட மாட்டா. இப்பவாவது சாவி என் கையில இருக்கு. என்னைக்காவது ஒரு நாள் அவளே வாயத் தொறப்பா. அதுக்கு அவ கத்தினது ஒருத்தருக்காவது கேட்டிருக்குன்னு அவளுக்குத் தெரியணும். எல்லாரும் டிவிய மட்டும் கேட்டுக்கிட்டிருந்தா எப்படித் தொறப்பா?

அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவும். நீங்க பெருசா ஒண்ணும் பண்ண வேணாம். பொய்கூடச் சொல்ல வேணாம். ரிசீவரு சூடாகுமா ஆகாதா? ஆகும்ல. காத்தோட்டம் இருந்தா நல்லதுதானே. சின்ன ரூமு, ஏ.சி. வேலை செய்யலன்னா மூச்சு முட்டும்னு சொல்லுங்க. மூணு ஸ்பீக்கருக்கு இந்தப் பஞ்சு, ரப்பரெல்லாம் அதிகம் சார், தேவையில்லன்னு சொல்லுங்க. படம் பாக்கறப்ப ஒரு திரைய இழுத்து விட்டுக்கிட்டா இருட்டு வந்துடும்னு சொல்லுங்க. உங்க வேலைக்குக் கெட்ட பேரு வந்துடுமோன்னு யோசிக்கறீங்க, புரியுது. மேல் ரூம் சரியில்லன்னு அவரு சொன்னா, கெழவன் குறுக்க பேசிக் கெடுத்துட்டான்னு என் மேல போட்டுடுங்க. தாங்கிக்குவேன்.

அந்த சப் ஊஃபரும் வேணாம். கனமான சத்தம் வந்து மெல்லிசான சத்தத்தை முழுங்கிடக் கூடாது.

எழுதிட்டீங்களா? முன்னாடி மூணு. பூட்டு வச்ச ரிசீவரு. தும் தும் பெட்டி வேணாம். கதவு சாதாரணக் கதவு. ஜன்னல் இருக்கும். அதைக் கொஞ்சம் அழுத்தி எழுதுங்க.

எங்க பாக்கறீங்க? ஓ, அந்த வீடா. ஆமா, இந்தத் தெருவுல இப்போதைக்கு அது ஒண்ணுதான். இந்த ஜன்னலுக்கு நேர் எதிர்ல அந்த மாடி, துணி காயப் போடற கம்பி தெரியுதே. கீழ வீட்டு ஓனருங்க இருக்காங்க, ரெண்டு பேருக்கும் காது மந்தம், பாவம். மாடி ரொம்ப நாளா சும்மாதான் கெடந்துச்சு. போன வாரம் போய் எனக்கு வாடகைக்குப் பேசி முடிச்சுட்டேன். கடைய என்கிட்ட வேலை பாத்தவர்கிட்டயே விட்டுட்டேன், நல்லா பாத்துக்குவாரு. ஒத்தை ஆளுக்கு என்ன, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். கட்டில நேத்தே ஏத்தியாச்சு, ஜன்னலோரமா போட்டிருக்கேன். இவங்க குடி வர்றதுக்கு முன்னாடியே நான் வந்துடுவேன்.

இல்ல, அவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரியறப்ப தெரியட்டும்.

வந்து என்ன பண்ணப் போறேனா? என்னத்தப் பண்றது தம்பி, இந்த வயசுல அவரோட மல்லுக்கு நிக்க முடியுமா? எறங்கி வந்து பெல் அடிப்பேன். சக்கரை இருக்கான்னு கேப்பேன், பேப்பர் வந்துச்சான்னு கேப்பேன். எதையாவது. அன்னைக்கு அடிச்சதும் நின்னுச்சுல்ல? எத்தனை தடவ வேணாலும் எறங்கி வருவேன், அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா எப்ப எறங்கி வரணும்னு எனக்குக் கேக்கணும்ல?